எட்டு அறைப் பெட்டி

தெருவே அவளை நர்ஸம்மா என்றது. அவள் நர்ஸ் இல்லை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஆபரேஷனுக்குப் போய்வந்த கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, ஆவியில் வேகவைத்து, தட்டில் வரிசை பிசகாமல் அடுக்கித் துணியில் கட்டி மேலே அனுப்புகிற அறையில் அவளுக்கு வேலை. வந்த புதிதில் இதை ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்லிப் பார்த்தாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க நர்ஸம்மா" என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று அத்தோடு விட்டுவிட்டாள்.

அவள் கழுத்தை நீட்டியது ஐம்பதை நெருங்குகிற வயதில். மாப்பிள்ளை பெயிண்டர். சுவர் பூசுகிறவர் அல்ல, கடைப் பலகைகளில் எழுத்து எழுதுகிறவர். ஊரில் பாதிக் கடைகளின் நெற்றியில் இருப்பது அவர் கையெழுத்துதான். அவருக்கு அது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி நோயில் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மாள் லேசுப்பட்டவள் இல்லை. ஒற்றைக் காரை வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். பக்கத்து இருக்கையிலும் ஒரு ஜோடி பெடல் வைத்த கார். படிக்க வந்தவன் சாவியைத் திருப்புவதற்கு முன்பே "பிரேக்" என்று கத்துவாளாம். அதனால் பிரேக்கம்மா என்று பெயர். வண்டிக்கு ஏதாவது வந்தால் மெக்கானிக்கைத் தேடிப் போகிற வழக்கம் கிடையாது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே படுத்துப் பிரித்துவிடுவாள்.

பிரேக்கம்மாவுக்கும் பெயிண்டருக்கும் ஒரே மகள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை, ஊரின் மறுகோடியில் ஜாகை. அப்பாவின் கல்யாணத்துக்கு வந்தாள், சாப்பிட்டாள், போனாள். அப்புறம் அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும். சண்டையும் போடவில்லை. போனில் அப்பாவிடம் இரண்டு வார்த்தை, அதில் ஒன்று "வைக்கிறேன்."

இந்த நிலையில்தான் ஒருநாள் அவளே கூப்பிட்டாள். "அம்மா வண்டி ஷெட்டுல துருப்பிடிச்சுக் கெடக்கு. ஞாயித்துக்கெழம வந்து எஞ்சினைப் பிரிக்கிறேன். ஆனா ஒண்ணு. உங்களையும் என்னையும் தவிர யாரும் அதுல கை வைக்கக் கூடாது."

அந்த வீட்டில் புழங்குவது மொத்தம் மூன்று பேர். அதில் இரண்டைக் கழித்தால் மிச்சம் யார் என்று கணக்கு வாத்தியார் வந்து சொல்ல வேண்டியதில்லை. நர்ஸம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டாள். ஞாயிறு வருகிறது என்றால் பெயிண்டர் முதல் நாளே சவரம் செய்துகொள்கிறார், விசிலடிக்கிறார். அது போதாதா. அவர் ஒருவருக்காக மட்டும் என்றும் சொல்ல முடியாது. தனக்கென்று பிள்ளை இல்லாதவள். அந்தப் பெண் ஷெட்டுக்குள் குனிந்து நிமிர்ந்து வேலை செய்வதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதே அவளுக்கு வேண்டியிருந்தது. டீயை ஷெட்டின் வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். மகள் குடித்துவிட்டு, டம்ளரைக் குழாயில் கழுவி, அதே படியில் கவிழ்த்துவிட்டுப் போவாள். பேச்சு கிடையாது. ஆனால் டம்ளரில் ஒரு சொட்டு மிச்சம் வைத்ததும் கிடையாது.

இப்படி எஞ்சின் மெல்ல மெல்லப் பிரிந்தது. மேலே மூடி மாதிரி இருந்த ஹெட் கழன்று கடைசல் பட்டறைக்குப் போனது. உள்ளே இருந்து எடுத்த டேப்பெட் என்கிற குட்டை உருளைகளையும் புஷ்ராடு என்கிற நீளக் கம்பிகளையும் மகள் ஒரு நீள அட்டைப்பெட்டியில் வைத்தாள். பெட்டிக்குள் அட்டைத் துண்டுகளைச் செருகி எட்டு அறை. ஒவ்வொரு அறையிலும் ஒரு டேப்பெட், ஒரு புஷ்ராடு. ஷெட்டின் அலமாரியில் அதை வைத்துவிட்டு, ஹெட் திரும்பி வந்ததும் பார்க்கலாம் என்று போய்விட்டாள்.

நடுவில் ஒருநாள் மழை. பெயிண்டர் வெளியூரில் ஏதோ கடைக்குப் பலகை எழுதப் போயிருந்தார். ஜன்னல் வழியே பார்த்த நர்ஸம்மாவுக்கு ஷெட்டுக் கூரை ஒழுகுவது தெரிந்தது. சொட்டுகிற இடம் அலமாரி. அட்டைப்பெட்டி ஏற்கனவே கறுப்பு எண்ணெயில் ஊறிக் கிடந்தது. இப்போது தண்ணீரும் சேர்ந்து அடிப்பக்கம் தொய்ந்து, ஒரு புஷ்ராடின் நுனி வெளியே எட்டிப் பார்த்தது. கை வைக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பெட்டி பிய்ந்து எட்டும் தரையில் உருண்டால் அப்புறம் எது எந்த அறையது என்று யார் சொல்வது?

அடியில் ஒரு தட்டைக் கொடுத்து, ஒழுகாத இடத்தில் நகர்த்தி வைத்திருந்தால் போதும். அவளும் அவ்வளவுதான் நினைத்தாள். ஆனால் கையில் எடுத்தபோது அந்தப் பிசுக்கு விரலில் ஒட்டியது. இருபது வருஷமாக அழுக்கோடு எதையும் அடுத்த இடத்துக்கு அனுப்பாத கை. அவளுடைய அறையில் அழுக்குப் பெட்டி குப்பைக்குப் போகும், கருவி கழுவப்பட்டுப் புதுத் தட்டில் ஏறும், அதுதான் சட்டம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஆஸ்பத்திரிப் பழக்கம் அதைவிட மோசம்.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்த கையுறைப் பெட்டி ஒன்று வெள்ளைவெளேரென்று இருந்தது. அதே நீளம். ஒரு முனை திறந்திருந்ததைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். உள்ளே எட்டு அறை பிரித்தாள். பழைய பெட்டியின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து, ஒரு அறையில் இருந்ததை எடுப்பாள், மண்ணெண்ணெயில் கழுவுவாள், துடைப்பாள், புதுப் பெட்டியில் பிளாஸ்திரி முனையிலிருந்து அதே வரிசையில் வைப்பாள். அப்புறம்தான் அடுத்த அறை. இரண்டு அறைச் சாமானை ஒரே நேரத்தில் அவள் கையில் எடுக்கவில்லை. ஒன்றுகூட மாறவில்லை. எல்லாம் வெள்ளி மாதிரி பளபளத்தது. பழைய பெட்டியைக் குப்பை வண்டியில் போட்டாள்.

பெயிண்டர் திரும்பி வந்ததும் கூட்டிப் போய்க் காட்டினாள். பாராட்டுவார் என்ற ஆசை அவளுக்கு உள்ளூர இருந்தது. அவர் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் பெட்டியைப் பார்த்தார்.

"இதுல முன்னாடி எது?" என்றார்.

"வரிசை அப்படியே இருக்குங்க. ஒண்ணுகூட மாறல."

"வரிசை சரி. எந்த முனை முன்னாடி? ஃபேன் பக்கம் எது, பின்பக்கம் எது?"

அவள் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அவர் அங்கேயே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கினார். இத்தனை வருஷம் பிரேக்கம்மாவோடு குடித்தனம் நடத்தியவருக்கு அந்த மட்டும் தெரிந்திருந்தது. எஞ்சினுக்குள் ஒரு நீளத் தண்டு சுற்றுகிறது, அதற்கு கேம் ஷாஃப்ட் என்று பெயர். அதில் எட்டுப் புடைப்பு. ஒவ்வொரு புடைப்பின் மேலும் ஒரு டேப்பெட். தண்டு சுற்றச் சுற்ற டேப்பெட் ஏறி இறங்கும், அதன் மேல் நிற்கிற புஷ்ராடு மேலே தள்ளும், வால்வு திறந்து மூடும். இதெல்லாம் வருஷக்கணக்காக உரசி உரசி ஒன்றுக்கொன்று வாட்டமாகிவிட்டவை. டேப்பெட்டை அதன் இடத்திலேயே வைத்தால் இன்னொரு பத்து வருஷம் ஓடும். வேறு புடைப்பின் மேல் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும்.

"அப்ப புதுத் தண்டு வாங்கிப் போட முடியாதா?"

"இந்த வண்டி செய்யறதை நிறுத்தியே எவ்வளவோ காலமாச்சு. காயலான் கடையில தேடினாலும் கிடைக்காது."

"பழைய பெட்டில எழுதியிருக்கலாமே."

"எழுதல. முன்னாடி எதுன்னு அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்னு நெனச்சிருப்பா." தலையைச் சொறிந்துகொண்டார். ஊருக்கெல்லாம் எழுத்துப் போட்டவர், தன் வீட்டு அட்டைப்பெட்டிக்கு இரண்டு எழுத்துப் போடாமல் விட்டிருந்தார்.

நர்ஸம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் செய்த வேலையில் ஒரு குறை கிடையாது. ஆனாலும் திருப்பி வைத்தால் ஒன்றாவது எட்டாவதாகிறது, எட்டாவது ஒன்றாகிறது. மொத்தமும் சரி, இல்லையென்றால் மொத்தமும் தப்பு. நடுவில் ஒன்றும் இல்லை.

"நான்தான் மாத்தினேன்னு சொல்லிக்கறேன்" என்றார் பெயிண்டர். "திட்டுவா. திட்டட்டும், வாங்கிப் பழகின உடம்பு."

"எந்தப் பக்கம்னு கேட்டா?"

"ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்றேன். பாதிக்குப் பாதி."

பாதிக்குப் பாதி என்ற பேச்சே அவள் வேலை பார்க்கிற அறையில் கிடையாது. கத்தி பாதி சுத்தம் என்று எந்த டாக்டரிடமும் சொல்ல முடியாது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. வந்தது, முழுங்கிவிட்டாள். பயம்தான், வேறென்ன. ஒரே ஒரு விதி போட்டிருந்தாள் அந்தப் பெண், அதையும் மீறியாகிவிட்டது. தெரிந்தால் வர மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை சவரமும் இருக்காது, விசிலும் இருக்காது, படியில் கவிழ்த்த டம்ளரும் இருக்காது.

அடுத்த ஞாயிறு காலையில் மகள் சின்ன வேன் ஒன்றில் ஹெட்டை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். வேன்காரனை அனுப்பிவிட்டு ஷெட்டுக்குள் போனவள் பெட்டியைப் பார்த்ததும் நின்றாள். நர்ஸம்மா சமையலறை ஜன்னலருகே டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். அங்கே பேசுவது இங்கே தெளிவாகக் கேட்கும்.

"என்னப்பா இது?"

"மழையில பழசு நனஞ்சு பிஞ்சு போச்சு. மாத்தி வச்சேன்."

"கழுவியும் வச்சிருக்கீங்க."

"சும்மாதானே இருந்தேன்."

மகள் ஒரு டேப்பெட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "எழுதற பிரஷ்ஷைக் கழுவச் சொல்லி அம்மா தொண்டைத் தண்ணி வத்தும். நீங்க கழுவினதா இது?"

"வயசாச்சுல்ல. திருந்திட்டேன்."

மகள் சிரிக்கவில்லை. "சரி, முயல் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"எந்த முயல்?"

"பழைய பெட்டியில ஒரு முனைல முயல் படம் போட்டிருந்துச்சு. முயல் இருக்கற முனை ஃபேன் பக்கம். அதை வச்சுத்தான் அடுக்கினேன்."

எழுத்தும் படமுமே பிழைப்பாக இருந்தவர் முயலைப் பார்த்திருக்கவில்லை. நர்ஸம்மாவும் பார்க்கவில்லை. எண்ணெய்க் கறுப்பில் முயல் இருந்ததா யானை இருந்ததா என்று யாருக்குத் தெரியும்? பெயிண்டர் பிளாஸ்திரி ஒட்டாத முனையைக் காட்டினார். "இந்தப் பக்கம்தான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா." தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற முகம்.

மகளுக்குத் திருப்தி இல்லை. "கழுவும்போது கவனிச்சிருப்பீங்க. எந்த முனைல கசடு ஜாஸ்தி? இந்த எஞ்சின் பின்பக்கம் சாஞ்சு உக்காந்திருக்கும். எண்ணெய்க் கசடெல்லாம் பின்னாடிதான் தேங்கும். எட்டாவது டேப்பெட்ல அப்பிக்கிட்டு இருந்திருக்கணுமே."

"ஆமா, அந்த முனையிலதான்" என்று பெயிண்டர் பிளாஸ்திரி முனையைக் காட்டினார். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக் கொடுத்து நின்றது. "அங்கதான் ரொம்ப அழுக்கு."

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நர்ஸம்மாவின் கையில் வடிகட்டி அப்படியே நின்றது. கசடு அவளுக்குத் தெரியும். பிளாஸ்திரி முனையிலிருந்து ஆரம்பித்தாள் அல்லவா. முதல் டேப்பெட் ஒரே முக்கில் சுத்தமாகிவிட்டது. போகப்போக மண்ணெண்ணெய் கறுத்தது. கடைசி டேப்பெட்டைக் கழுவ மண்ணெண்ணெயை மாற்ற வேண்டியிருந்தது. தார் மாதிரி அப்பியிருந்ததைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் இரண்டு தடவை தேய்த்தாள். அழுக்கை மறக்கிற ஜாதி இல்லை அவள். எஞ்சினின் முன்பக்கம் பிளாஸ்திரி முனை, பின்பக்கம் ஒட்டாத முனை. பெயிண்டர் சொன்னது பாதிக்குப் பாதி இல்லை, முழுத் தப்பு.

இத்தனை நாளும் பதில் அவளிடம்தான் இருந்திருக்கிறது. அழுக்குக்கு இப்படி ஒரு அர்த்தம் உண்டென்று அவளுக்குத் தெரியாது. பெயிண்டருக்கும் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பெண் அம்மா விட்டுப்போன எஞ்சினைத் தன் கையாலேயே பாழாக்குவாள். வாயைத் திறந்தால் இன்றோடு சரி, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

மகள் ஒட்டாத முனையிலிருந்து டேப்பெட்டை எடுத்தாள். அடியில் விரலால் எண்ணெய் தடவினாள். முன்பக்கத்து ஓட்டைக்கு நேராகக் குனிந்தாள்.

நர்ஸம்மா டீயை விட்டுவிட்டு வெளியே வந்தாள். டம்ளர் வைக்கிற படி வரை போனாள். மகள் இருக்கும்போது அதைத் தாண்டி அவள் போனதே இல்லை. இன்றும் தாண்டவில்லை.

"அது எட்டாவதும்மா" என்றாள்.

மகள் திரும்பாமலே கேட்டாள். "எது?"

"கையில வச்சிருக்கறது. அது முதல்ல போடறது இல்ல. அதுதான் எட்டாவது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கழுவினது நான்தான். அவர் ஊர்லயே இல்ல."

பெயிண்டர் கூரையில் ஒழுகுகிற இடத்தை ஆராய ஆரம்பித்தார். மகள் டேப்பெட்டைப் பெட்டியில் எடுத்த அறையிலேயே வைத்தாள். துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்துக்கொண்டாள். நர்ஸம்மாவைக் கடந்து, வாசல் கேட்டைத் திறந்து தெருவில் போய் நின்றாள்.

"நீ சும்மா இருந்திருக்கலாமே" என்றார் பெயிண்டர் மெல்லிய குரலில்.

"சும்மா இருந்திருந்தா எல்லாம் தப்பாப் போயிருக்கும்."

"எஞ்சின்தானே போயிருக்கும்."

அவளுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவர் கண் கலங்கியிருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. எட்டவும் வேண்டாம், அந்தத் தண்டாவது பிழைத்ததே என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தது மனதில் ஒட்டவில்லை. அந்தப் பெண் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது மனதில் இருந்தது.

தெருவில் ஒரு ஆட்டோ வந்து கேட்டருகில் வேகம் குறைத்தது. மகள் வேண்டாம் என்று கையசைத்தாள். ஆட்டோ போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தாள். முகம் இறுகித்தான் இருந்தது.

"எப்படிச் சொல்றீங்க?" என்றாள் நர்ஸம்மாவைப் பார்த்து. கல்யாணத்துக்குப் பிறகு அவளை நேராகப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது. "அப்பாவும்தான் நிச்சயமாச் சொன்னாரு. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. எதுல எவ்வளவு அழுக்கு?"

நர்ஸம்மா சொன்னாள். அழுக்கைப் பற்றிப் பேசச் சொன்னால் அவளுக்குத் தடுமாற்றம் இல்லை. "பிளாஸ்திரிப் பக்கத்துலேருந்து சொல்றேன். முதல் ரெண்டு வெறும் எண்ணெய்தான், டீத்தண்ணி மாதிரி. மூணும் நாலும் கொஞ்சம் கறுப்பு. அஞ்சாவதுல விளிம்புல மட்டும் பிசுக்கு. அதுக்கப்புறம் கட்டியாயிருச்சு. கடைசி ஒண்ணு தாரேதான். பிரஷ்ஷையே தூக்கிப் போட்டேன்."

"வேற ஏதாவது?"

"ரெண்டாவது அறையில இருந்த ராடு மட்டும் பாதி துடைச்ச மாதிரி இருந்துச்சு. அதோட கழுத்துல ஒரு நூல் சுத்தியிருந்துச்சு. சிவப்பு நூல்."

மகள் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். ஓரம் பிரிந்த சிவப்புத் துணி. "கழட்டின அன்னைக்கு ரெண்டாவது ராடைத் துடைக்க ஆரம்பிச்சேன்" என்றாள் யாரிடமோ சொல்வதுபோல. "வேண்டாம், மொத்தமா அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

பிளாஸ்திரி முனைதான் முன்பக்கம். இனி அதில் வாதம் இல்லை. மகள் பெட்டியைத் திருப்பி, எஞ்சினுக்கு வாட்டமாக வைத்தாள்.

"பெட்டியில முன்னாடி எதுன்னு எழுதாதது என் தப்பு" என்றாள். "சொன்ன பேச்சைக் கேக்காம கை வச்சது உங்க தப்பு."

"ஆமாம்மா."

"பொய் சொன்னது?"

"அது அவர் தப்பு" என்றாள் நர்ஸம்மா.

"நல்லா மாட்டிவிடற" என்றார் பெயிண்டர்.

மகள் அதற்கும் சிரிக்கவில்லை, ஆனால் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. குனிந்து முதல் டேப்பெட்டைச் சரியான ஓட்டையில் இறக்கினாள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பார்வையை எஞ்சினிலிருந்து எடுக்காமல் கையைப் பின்னால் நீட்டினாள். அப்பா அடுத்ததைத் தருவார் என்று நீட்டிய கை. அப்பா ஏணியைத் தேடிப் போயிருந்தார், கூரையை அடைக்க. அவருக்கு அந்த இடத்தை விட்டு நகர ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

நீட்டிய உள்ளங்கையைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க நர்ஸம்மாவால் முடியவில்லை. அந்த மட்டும் அவள் நர்ஸ்தான். படியைத் தாண்டினாள். இரண்டாவது டேப்பெட்டை எடுத்து, அடியில் எண்ணெய் தடவி, உள்ளே போகிற பக்கம் கீழே பார்க்கும்படி அந்தக் கையில் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன. கொடுத்தது யார் என்று மகளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா ஒரு நாளும் ஒரு சாமானை நேராகக் கொடுத்ததில்லை. இரண்டாவதை இறக்கிவிட்டு மறுபடியும் கையை நீட்டினாள்.

எட்டும் உட்கார்ந்தன. இடுக்கில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட்டை விரித்து, மூன்று பேருமாகத் தூக்கி ஹெட்டை வைத்தார்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மகள் முறுக்கினாள். புஷ்ராடுகளை அதனதன் டேப்பெட்டில் நிறுத்தினாள். அவற்றின் தலைமேல், வால்வை அழுத்தித் திறக்கிற ராக்கர்கள் வரிசையாகக் கோத்த தண்டை இறக்கி இறுக்கினாள். அப்புறம் ஃபீலர் கேஜ். மெல்லிய தகடுகள். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் அதைச் செருகி, இழுத்தால் வரவும் வேண்டும், சும்மா வழுக்கவும் கூடாது, அந்த மட்டுக்கு இடைவெளி வைக்க வேண்டும். ஒவ்வொரு வால்வாக அதைச் செய்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நடுவில் டீ வந்தது, படியில் வைக்கவில்லை. நர்ஸம்மா பெஞ்சின் மேலேயே வைத்தாள்.

பெயிண்டரும் சும்மா இருக்கவில்லை. காலிப் பெட்டியை எடுத்துப்போய், பிளாஸ்திரி முனையில் சிவப்புப் பெயிண்டால் 'முன்' என்று எழுதினார். வெறும் எழுத்தா? நகைக்கடைப் பலகை மாதிரி, எழுத்துக்கு ஓரம் கட்டி, நிழல் விழவைத்து, புள்ளியை ஒரு முத்து மாதிரி உருட்டி வைத்திருந்தார். "இவ்வளவு நாள் கழிச்சா?" என்றாள் மகள்.

"கண்ணு கெட்டதுக்கப்புறம் சூரிய நமஸ்காரம்தான்" என்று ஒத்துக்கொண்டார்.

மாலையில் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமியது, நின்றது. மறுபடி திருப்பினாள். கொஞ்சம் புகை கக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. மேலே தடதடவென்று தட்டுகிற சத்தம். நர்ஸம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். தன் ஞாபகம் தப்பாக இருந்தால்? எட்டும் தலைகீழாகப் போயிருந்தால்?

"எண்ணெய் மேல ஏறுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றாள் மகள், கேட்காமலே.

தடதடப்பு மெல்ல இறங்கியது. கடைசியில் ஒரு சீரான டிக்டிக் மட்டும் நின்றது. மகள் நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ராக்கர் மூடியின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டாள். முன்பக்கம், நடு, பின்பக்கம். பிறகு அதை நர்ஸம்மாவிடம் நீட்டினாள். "கேளுங்க."

நர்ஸம்மா வாங்கிக் காதில் வைத்தாள். உள்ளே எட்டும் வேலை செய்துகொண்டிருந்தன. ஒன்றின் சத்தம் மற்றொன்றைவிட உயரவில்லை. பின்பக்கத்தில் வெகு நேரம் வைத்துக் கேட்டாள். அந்தத் தார் பூசிய எட்டாவதும் மற்றவை மாதிரியேதான் இருந்தது.

வண்டி கிளம்பத் தயாரானது. மகள் பையை வண்டியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். பெயிண்டர் கேட்டை அகலத் திறந்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நினைத்தது நர்ஸம்மாவுக்கும் தெரிந்தது. எஞ்சின் முடிந்துவிட்டது. வருவதற்கு இருந்த ஒரே காரணத்தைத் தாங்களே கூடமாட நின்று முறுக்கி முடித்துக் கொடுத்தாயிற்று. இனி ஞாயிற்றுக்கிழமை மற்ற கிழமை மாதிரிதான்.

மகள் கண்ணாடியை இறக்கினாள். நர்ஸம்மாவின் கையில் இருந்த காலிப் பெட்டியைப் பார்த்தாள். வெள்ளை அட்டையில் அங்கங்கே எண்ணெய் வட்டம் படிந்திருந்தது.

"அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க" என்றாள். "கொஞ்சம் ஓடினதும் ஹெட்டை மறுபடி முறுக்கணும். அதுக்கு ராக்கரைக் கழட்டணும், ராடெல்லாம் வெளிய எடுக்கணும். திரும்ப அதுலதான் வைக்கணும்."

"எப்பம்மா?"

"ஓட்டறதைப் பொறுத்து. ஒரு மாசத்துல." கியரைப் போட்டாள். "அன்னைக்கு உங்களுக்கு டியூட்டி இல்லாமப் பாத்துக்கங்க. அப்பா எடுத்துக் குடுத்தா தலைகீழாக் குடுப்பாரு."

நர்ஸம்மா தலையாட்டினாள்.

"அப்புறம், பெட்டியைக் கழுவ வேண்டாம்" என்றாள் மகள்.

"கழுவ மாட்டேன்."

வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. பெயிண்டர் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தபோது, நர்ஸம்மா துணி அலமாரியைத் திறந்து, வெளுத்து மடித்த துண்டுகளின் மேல் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தாள். ஷெட்டுக் கூரையை அவர் அடைத்த லட்சணம் அவளுக்குத் தெரியும்.

"அங்க ஏன் வைக்கற? துண்டெல்லாம் எண்ணெயாயிடுமே" என்றார்.

"ஆகட்டும்" என்றாள்.